ஒரு கடிதம், ஐந்து கோரிக்கைகள்: எதை முதலில் எழுதுவது?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வீடியோ காலில் தம்பி மகள் எங்களுக்கு ஒன்று செய்து காட்டினாள். ஏழு வயது. மேசைக்கு அடியில் போய் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். அப்படியே அசையாமல் இருந்தாள். வடசென்னையில் தண்டையார்பேட்டை வீட்டில் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அம்மா, "கண்ணாமூச்சி ஆடுறியா தங்கம்?" என்று கேட்டார்.

"இல்ல பாட்டி. துப்பாக்கி வச்சிருக்கறவங்க ஸ்கூலுக்குள்ள வந்துட்டா இப்படித்தான் இருக்கணும். இருமக்கூட கூடாது."

அம்மா அப்புறம் அன்று முழுக்க யாரிடமும் சரியாகப் பேசவில்லை.

தம்பி அமெரிக்கக் குடியுரிமை வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. ஓட்டு இருக்கிறது. அவன் இருக்கும் மாநிலத்தில் துப்பாக்கிச் சட்டத்தை இறுக்குவது பற்றிப் பல யோசனைகள் பேச்சில் இருக்கின்றன. வார இறுதியில் நடக்கும் தமிழ்ப் பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பும் குடும்பங்கள் சேர்ந்து தங்கள் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினருக்கு ஒரு கடிதம் எழுதப் போகிறார்கள். எல்லாவற்றையும் கேட்டால் ஒன்றும் காதில் ஏறாது, ஒன்றை முன்னால் வைத்து அழுத்திக் கேட்போம் என்று முடிவு செய்திருக்கிறார்கள். "அக்கா, நீயா இருந்தா எத முதல்ல வைப்ப?" என்று என்னைக் கேட்டான்.

கடல் தாண்டி இருக்கும் என்னைக் கேட்டதற்குக் காரணம் உண்டு. எங்கள் வீட்டில் துப்பாக்கி இருந்தது. அப்பா பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்து, ஒரு வங்கிக் கிளையில் காவலராக இருந்தவர். டபுள் பேரல், 12 போர். அது வீட்டுக்குள் வருவதற்கு முன்னால் நடந்தது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. ஒரு போலீஸ்காரர் சைக்கிளில் தெருவுக்கு வந்தார். எங்கள் வீட்டுக்கு வரும் முன்பே பக்கத்து வீட்டு ஆயாவிடமும், முனையில் இஸ்திரி போடுகிறவரிடமும் விசாரித்துவிட்டார். குடிப்பாரா, வீட்டில் அடிதடி உண்டா, யாரோடாவது பகை இருக்கிறதா? ஆயா அந்தக் கேள்விகளையெல்லாம் அம்மாவிடம் வரி விடாமல் சொன்னார். அம்மாவுக்கு அவமானம். அப்பாவுக்கு அப்படி இல்லை. "கேக்காம குடுத்தாதான் தப்பு" என்றார்.

உரிமப் புத்தகத்தில் துப்பாக்கியின் எண் இருக்கும், எத்தனை தோட்டா வைத்திருக்கலாம் என்றும் இருக்கும். மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். (2019இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு இது ஐந்து வருடம். ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகள் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்ததும் அதே திருத்தத்தில்தான்.) வேலையை விட்ட பிறகும் சில வருடம் வைத்திருந்தார். தேர்தல் வந்தால் பழைய வேட்டியில் சுற்றி எடுத்துப்போய் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு ரசீது வாங்கி வருவார். இத்தனை வருடத்தில் அது ஒரு தடவைகூட வெடித்ததில்லை. ஆனால் அது வீட்டில் இருக்கிறது என்பதை அரசாங்கம் ஒரு நாளும் மறந்ததில்லை.

சரி, தம்பி அனுப்பிய பட்டியலுக்கு வருகிறேன். அதில் ஐந்து இருந்தன. ராணுவ பாணித் துப்பாக்கிகளுக்கும் பெரிய தோட்டாக் கூடுகளுக்கும் (மேகசின்) தடை. எல்லா விற்பனைக்கும், வாங்குகிறவர் யார் எவர் என்று பார்க்கும் பின்னணிச் சோதனை. ஆபத்தானவர் என்று தெரிந்தால் நீதிமன்ற உத்தரவோடு துப்பாக்கியைத் தற்காலிகமாக வாங்கி வைப்பது. அங்கே இதைச் சிவப்புக் கொடிச் சட்டம் என்கிறார்கள். வீட்டில் பூட்டி வைக்கும் கட்டாயம். கடைசியாக, வாங்குவதற்கு முன் உரிமம்.

கேட்டவுடன் மனம் முதலாவதைத்தான் பிடிக்கும். எனக்கும் அப்படித்தான். 2012 டிசம்பரில் கனெடிகட் மாநிலத்தின் சாண்டி ஹுக் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும், 2022 மே மாதம் டெக்சாஸின் உவால்டியில் 19 குழந்தைகளும் 2 ஆசிரியர்களும் கொல்லப்பட்டார்கள். இரண்டு இடத்திலும் ஏஆர்-15 என்ற ராணுவ பாணி வகைத் துப்பாக்கி. 2018 பிப்ரவரியில் புளோரிடாவின் பார்க்லண்ட் பள்ளியில் 17 பேர், அங்கேயும் அதே வகை.

வடசென்னை என்றாலே அரிவாளைக் காட்டும் சினிமா எங்களுக்குப் பழகிவிட்டது, அதில் எனக்குக் கோபமும் உண்டு. ஆனால் வெட்டுக்குத்து இங்கே நடந்ததே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். வெட்டுப்பட்டவரை ஆட்டோவில் போட்டு ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், பிழைத்து வந்து அதே தெருவில் டீக்கடை வைத்தவரை எனக்குத் தெரியும். அரிவாளோடு வருபவன் ஒருவரைத் தேடி வருகிறான், மற்றவர்கள் ஓடிவிட முடியும், நாலு பேர் சேர்ந்தால் மடக்கவும் முடியும். ஒரே ஆள் வகுப்பறை வகுப்பறையாகப் போய்க் கொல்ல வேண்டுமென்றால் அவன் கையில் விசையை இழுக்க இழுக்கச் சுடும் கருவி வேண்டும். கருவி வித்தியாசம் ஏற்படுத்தும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அப்பாவின் துப்பாக்கி இரண்டு முறைதான் சுடும். பிறகு நடுவில் மடக்கித் திறந்து, சூடான வெற்றுத் தோட்டாக்களை உருவி எறிந்து, இரண்டு புதியது போட்டு மூட வேண்டும். அவர் வேகமான கைக்காரர், அவருக்கே சில விநாடிகள் ஆகும். ஏஆர்-15இல் வழக்கமாகப் போடும் தோட்டாக் கூட்டில் 30 இருக்கும். 2011 ஜனவரியில் அரிசோனாவின் டூசான் நகரில் நாடாளுமன்ற உறுப்பினர் கேப்ரியல் கிஃபர்ட்ஸைச் சுட்டவனிடம் இருந்தது கைத்துப்பாக்கிதான். ஆனால் அதில் 33 தோட்டா பிடிக்கும் கூடு. ஆறு பேர் இறந்தார்கள். அந்தக் கூடு காலியாகி அடுத்ததை மாற்றப் போனபோதுதான் பக்கத்தில் இருந்தவர்கள் அவன்மேல் விழுந்து அமுக்கினார்கள். பத்துத் தோட்டாவில் நின்றிருந்தால் அந்த விழுந்து அமுக்கும் நேரம் முன்னாலேயே கிடைத்திருக்கும். அதனால் முதல் கோரிக்கைக்குள் எனக்கு முக்கியமாகப் படுவது துப்பாக்கியின் பெயரைவிடத் தோட்டாக் கூட்டின் அளவுதான்.

அப்படியானால் இதையே முன்னால் வைக்கலாமே? இரண்டு காரணத்தால் தயங்குகிறேன். ஒன்று, இது முன்பே ஒருமுறை தேசிய அளவில் வந்து போனது. 1994 செப்டம்பரில் பத்து வருடத்துக்கென்று வந்த தடை 2004இல் காலாவதியானது. ஏற்கெனவே மக்கள் கையில் இருந்தவற்றை அது தொடவில்லை. எது ராணுவ பாணி என்பதைப் பிடி, மடக்கும் கட்டை மாதிரியான உறுப்புகளை வைத்து வரையறுத்ததால், தயாரிப்பாளர்கள் உறுப்பை மாற்றி அதே வேலையைச் செய்யும் துப்பாக்கியை விற்றார்கள். சாண்டி ஹுக்குக்குப் பிறகு 2013 ஏப்ரலில் மறுபடியும் நாடாளுமன்ற மேலவையான செனட்டில் வந்தபோது கிடைத்தது 40 ஓட்டு, எதிர்த்து 60.

ஆஸ்திரேலியாவில் 1996இல் போர்ட் ஆர்தரில் 35 பேர் கொல்லப்பட்டதும் பன்னிரண்டே நாளில் எல்லா மாநிலங்களும் ஒத்துக்கொண்டு, சுமார் 6.5 லட்சம் துப்பாக்கிகளை அரசு விலை கொடுத்துத் திரும்ப வாங்கியது. நியூசிலாந்து 2019இல் கிறைஸ்ட்சர்ச் மசூதிகளில் 51 பேர் இறந்த ஒரு மாதத்துக்குள் சட்டத்தை மாற்றியது. அமெரிக்காவில் பொதுமக்கள் கையில் 39 கோடித் துப்பாக்கிகள் இருப்பதாக 2018இல் ஒரு சர்வதேசக் கணக்கெடுப்பு மதிப்பிட்டது. ஆளுக்கு ஒன்றுக்கும் மேல். அதைத் திரும்ப வாங்கும் அரசியல் பலம் அங்கே இன்றைக்கு யாரிடமும் இல்லை.

இரண்டாவது காரணம் எனக்கு நெருக்கமானது. 2007 ஏப்ரல் 16 அன்று வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் 32 பேர் கொல்லப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் நம்ம ஊர்க்காரர், கோபிசெட்டிபாளையம் பக்கத்துப் பேராசிரியர் ஜி.வி. லோகநாதன். நீரியல் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தார். அவரையும் அவருடைய மாணவர்கள் பலரையும் கொன்றவனிடம் இருந்தவை இரண்டு கைத்துப்பாக்கிகள். ராணுவ பாணித் துப்பாக்கிக்கு மட்டுமான தடை அவருடைய வகுப்பறைக் கதவுவரை வந்திருக்காது.

பின்னணிச் சோதனை வந்திருக்க வேண்டும், வரவில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் மனசு கொதிக்கிறது. அந்த மாணவனால் அவனுக்கே ஆபத்து என்று 2005 டிசம்பரில் ஒரு நீதிபதி முடிவு செய்து, சிகிச்சை எடுக்கச் சொல்லி உத்தரவு போட்டிருந்தார். தேசியச் சட்டப்படி அவனுக்குத் துப்பாக்கி விற்கவே கூடாது. அந்தத் தகவல் சோதனைக் கணினிக்குப் போய்ச் சேரவில்லை. கடைக்காரர் கேட்டார், கணினி சரி என்றது, இரண்டு துப்பாக்கியையும் வாங்கிவிட்டான். பிறகு தகவலை ஒழுங்காக அனுப்ப வைக்க 2008இல் ஒரு சட்டம் வந்தது. உரிமம் பெற்ற கடைகளில் இந்தச் சோதனை 1998 முதல் நடக்கிறது, தனியார் ஒருவருக்கொருவர் விற்றுக்கொள்வதற்குத் தேசிய அளவில் சோதனை கிடையாது. அந்த ஓட்டையை அடைப்பது கட்டாயம் வேண்டும், யாரும் வேண்டாம் என்று சொல்ல ஒரு நியாயமும் எனக்குத் தெரியவில்லை. ஆனால் பள்ளியில் சுட்டவர்களில் பலர் சோதனையில் தேறித்தான் வாங்கினார்கள். பார்க்லண்டில் சுட்டவனுக்கு 19 வயது, உவால்டியில் 18, இருவரும் சட்டப்படி வாங்கியவர்கள். சோதனை பார்ப்பது ஏற்கெனவே எழுதிவைத்த பதிவை. இந்தப் பையன்களைப் பற்றி எழுதப்பட்ட எதுவும் அங்கே இல்லை.

எழுதப்படவில்லையே தவிர, பலருக்குத் தெரிந்திருந்தது. வர்ஜீனியா டெக்கில் அவனுக்குப் பாடம் எடுத்தவர்கள் முன்பே பயந்து மேலே சொல்லியிருந்தார்கள். பார்க்லண்ட் பையனைப் பற்றி மத்தியப் புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ.க்கே எச்சரிக்கை போயிருந்தது. சிவப்புக் கொடிச் சட்டம் உதவ வருவது இந்த இடத்தில்தான். கனெடிகட் 1999இல் முதலில் கொண்டுவந்தது. துப்பாக்கிக்கு ஆதரவான புளோரிடாவே பார்க்லண்ட் நடந்த மூன்று வாரத்தில் இதை நிறைவேற்றியது, வாங்கும் வயதையும் 21 ஆக்கியது. இப்போது சுமார் இருபது மாநிலங்களில் இருக்கிறது. குடும்பத்தாரோ போலீஸோ நீதிமன்றத்துக்குப் போய்ச் சொன்னால், நீதிபதி விசாரித்துக் குறிப்பிட்ட காலத்துக்குத் துப்பாக்கியை வாங்கி வைக்கலாம். தண்டனை கிடையாது, ஆபத்து நீங்கினால் திருப்பிக் கொடுப்பார்கள்.

நல்ல சட்டம். படித்தபோது இதையே முதலில் எழுதச் சொல்லலாம் என்றுதான் இருந்தேன். 2022 மே மாதம் பஃபலோ நகரில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் கறுப்பின மக்கள் பத்துப் பேர் கொல்லப்பட்டதைப் பற்றிப் படித்ததும் மனம் மாறியது. நியூயார்க் மாநிலத்தில் சிவப்புக் கொடிச் சட்டம் இருந்தது. சுட்டவன் முந்தின வருடம் பள்ளியில் கொலை, தற்கொலை என்று எழுதியதால் போலீஸ் வந்து மனநலப் பரிசோதனைக்கே அனுப்பியிருந்தார்கள். ஆனால் அந்தச் சட்டத்தின்கீழ் நீதிமன்றத்துக்கு யாரும் போகவில்லை. அவன் பிறகு கடைக்குப் போய்ச் சட்டப்படி துப்பாக்கி வாங்கினான். யாராவது முன்வந்து சொல்லும்வரை இந்தச் சட்டம் தூங்கும். பெற்ற பிள்ளைமேல் மனுப் போட எத்தனை அம்மாக்களால் முடியும்?

வீட்டில் பூட்டி வைப்பது பற்றி நீளமாகப் பேச ஒன்றுமில்லை, அவ்வளவு தெளிவானது அது. சாண்டி ஹுக்கில் சுட்டவனின் துப்பாக்கி அவன் அம்மா சட்டப்படி வாங்கியது, அவன் முதலில் கொன்றதும் அவரைத்தான். 2021 நவம்பரில் மிச்சிகனின் ஆக்ஸ்ஃபோர்டு பள்ளியில் நான்கு மாணவர்களைக் கொன்ற 15 வயதுப் பையனின் துப்பாக்கி அப்பா வாங்கியது. அந்த அப்பா அம்மா இருவரும் 2024இல் தண்டிக்கப்பட்டுச் சிறைக்குப் போனார்கள். மிச்சிகன் அதற்குள் பூட்டும் கட்டாயத்தைச் சட்டமாக்கிவிட்டது. பள்ளியில் சுடும் பிள்ளைகள் பெரும்பாலும் எடுப்பது தங்கள் வீட்டிலோ நெருங்கிய உறவினர் வீட்டிலோ இருக்கும் துப்பாக்கியைத்தான். எங்கள் வீட்டில் துப்பாக்கி மரப்பெட்டியில், தோட்டா பீரோவில், இரண்டு சாவியும் அப்பாவின் அரைஞாணில். தம்பி ஒரு தீபாவளிக்கு அதைத் தொட்டுப் பார்க்க மட்டும் கேட்டான். கிடைக்கவில்லை.

பட்டியலில் இல்லாத ஆறாவது யோசனை ஒன்றும் அங்கே பலமாகப் பேசப்படுகிறது: பள்ளிக்கு ஆயுதக் காவல், ஆசிரியர் கையில் துப்பாக்கி. இதற்குப் பதில் சொல்ல அப்பா இருந்திருக்க வேண்டும். "வாசல்ல துப்பாக்கியோட நிக்கறவன் யாருன்னு வர்றவனுக்குத் தெரியும்மா, முதல் குண்டு எனக்குத்தான்" என்று அவர் அம்மாவிடம் சொன்னதைக் கேட்டிருக்கிறேன். பயந்து சொல்லவில்லை, வேலையின் தன்மையைச் சொன்னார். உவால்டியில் 376 போலீஸார் வந்து சேர்ந்தார்கள், உள்ளே நுழைந்து அவனை வீழ்த்த 77 நிமிடம் ஆனது. பார்க்லண்டில் பள்ளி வளாகத்திலேயே ஆயுதம் ஏந்திய காவலர் இருந்தார், உள்ளே போகவில்லை. பயிற்சி பெற்றவர்களே உறைந்துபோகும் இடத்தில் கணக்கு டீச்சரை நிறுத்துவதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஆக, நான் தம்பியிடம் முதலில் எழுதச் சொன்னது உரிமம். கடைக் கவுண்டரில் நிற்பதற்கு முன்னால் காவல் துறையிடம் நேரில் போய், கைரேகை கொடுத்து, பயிற்சி முடித்து, குறிப்பிட்ட வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டிய உரிமம். மாசசூசெட்ஸ், நியூ ஜெர்சி, கனெடிகட் மாதிரி சில மாநிலங்களில் ஏதோ ஒரு வடிவில் இருக்கிறது. நியூ ஜெர்சியில் விண்ணப்பிப்பவர் தன்னைத் தெரிந்தவர்களின் பெயர்களையும் தர வேண்டும். இதைப் படித்ததும் எனக்கு இஸ்திரிக்காரரும் பக்கத்து வீட்டு ஆயாவும் கண்முன் வந்தார்கள். சிவப்புக் கொடிச் சட்டம் யாராவது வந்து சொல்லட்டும் என்று காத்திருக்கிறது. உரிமம் தானே தெருவுக்குள் வந்து கேட்கிறது. எங்கள் பக்கம் மெட்ரோ தண்ணீர் லாரி வந்து குடத்தோடு நிற்கும் அரை மணி நேரத்தில், எந்த வீட்டுப் பையன் ஒரு வாரமாகச் சாப்பிடாமல் கதவைச் சாத்திக்கொண்டிருக்கிறான் என்பது தெருவுக்கே தெரிந்துவிடும். தெரிந்தவர்கள் எங்கேயும் இருக்கிறார்கள். கேட்க ஆள் வேண்டும்.

மிசூரி மாநிலம் 2007இல் கைத்துப்பாக்கி வாங்குவதற்கான உரிமத்தை ரத்து செய்தது. அதன்பின் அங்கே துப்பாக்கிக் கொலை விகிதம் ஏறியதையும், 1995இல் உரிமம் கொண்டுவந்த கனெடிகட்டில் குறைந்ததையும் ஆய்வாளர்கள் கணக்கிட்டு எழுதியிருக்கிறார்கள். தெருவில் அன்றாடம் நடக்கும் கொலையையும் சேர்த்துக் குறைக்கும் வழி என்பதால் எனக்கு இதன்மேல் கூடுதல் நம்பிக்கை.

இதன் குறைகளையும் தம்பியிடம் சொன்னேன். ஏற்கெனவே வீடுகளில் கிடக்கும் கோடிக்கணக்கான துப்பாக்கிகளை உரிமம் ஒன்றும் செய்யாது. சாண்டி ஹுக் பையனின் அம்மா எந்த உரிமத் தேர்விலும் தேறியிருப்பார். அதனால்தான் பூட்டு இதற்கு அடுத்த இடத்தில் வர வேண்டும். இன்னொன்று, உரிமம் கொடுக்கிறவர் கை யாருடையது என்பது. நம் ஊர்க் கதையே பாடம். வெள்ளைக்காரன் 1878இல் ஆயுதச் சட்டம் போட்டது நம் பிள்ளைகளைக் காப்பாற்ற அல்ல. 1857க்குப் பிறகு நம்மை நம்பாமல் போட்டான், ஐரோப்பியர்களுக்கு விலக்கும் கொடுத்துக்கொண்டான். இன்றைக்கு இருக்கும் 1959 சட்டத்திலும் ஆள் பலம் உள்ளவருக்குச் சீக்கிரம் கிடைக்கும் என்ற குறை உண்டு. உரிமம் கொடுக்கிறவர் பாரபட்சம் பார்ப்பார் என்ற பயம் அமெரிக்காவில் கறுப்பின மக்களுக்கு நியாயமானது.

2022 ஜூனில் அங்கே உச்ச நீதிமன்றம் நியூயார்க்கின் பழைய சட்டம் ஒன்றை ரத்து செய்தது. துப்பாக்கியை வெளியே எடுத்துப்போக ஒருவர் தனக்குத் தனிப்பட்ட காரணம் இருப்பதை நிரூபிக்க வேண்டும், அதிகாரி பார்த்து முடிவு செய்வார் என்ற சட்டம் அது. தெளிவான தகுதிகளை வைத்து எல்லாருக்கும் ஒரேபோல் கொடுக்கும் உரிமத்தை அந்தத் தீர்ப்பு தடுக்கவில்லை. இங்கே அப்பாவிடம் கேட்ட முதல் கேள்வி "எதுக்கு வேணும்?" என்பது. அந்தக் கேள்வியை அவர்கள் கேட்க முடியாது, அவர்களின் அரசியல் சட்டம் துப்பாக்கி வைத்திருப்பதை உரிமையாக வைத்திருக்கிறது. "நீங்கள் யார்?" என்று கேட்கலாம். கடிதத்தில் அந்த ஒரு கேள்விக்குள் நிற்கச் சொன்னேன். அதிகாரியின் இஷ்டத்துக்கு இடம் வைக்காத உரிமம், இத்தனை நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும் என்ற காலக்கெடு, மறுத்தால் எழுத்தில் காரணம்.

அப்பா இறந்தபோது தம்பிக்கு இருபத்திரண்டு வயது. பதினாறாம் நாள் காரியத்துக்கு முன்பே அம்மா, "அது இனி யார் பேர்லயும் இல்ல, வீட்ல இருக்கக்கூடாது" என்று அவனிடம் கொடுத்து அனுப்பினார். அதே பழைய வேட்டியில் சுற்றி, டி.எச். ரோட்டில் நடந்தே போய் ஒப்படைத்துவிட்டு ரசீதோடு வந்தான். இதையும் கடிதத்தில் ஒரு பத்தியாக எழுது என்றேன். உரிமம் என்றால் என்ன மாதிரி இருக்கும் என்று அங்கே பலருக்குக் கற்பனையே இல்லை, வாழ்ந்து பார்த்தவன் சொன்னால் கேட்பார்கள்.

நேற்று மறுபடியும் பேசினான். வரைவை எல்லாருக்கும் அனுப்பியிருக்கிறான். தமிழ்ப் பள்ளியில் இரண்டு துப்பாக்கி வைத்திருக்கும் நண்பர் ஒருவர், பூட்டுப் பத்திக்கு இப்போதே கையெழுத்துப் போடுகிறேன், தோட்டாக் கூட்டுக்கும் போடுகிறேன், உரிமத்துக்கு மட்டும் யோசிக்க வேண்டும் என்றாராம். "அவருக்காக வரிசைய மாத்தலாமாக்கா?" என்றான். மாற்றாதே என்றேன். அவருக்கு உறுத்துவது காலக்கெடுவா, கட்டணமா, பெயர்ப் பட்டியல் அரசிடம் இருப்பதா என்று உட்கார்ந்து கேள். முதல் இரண்டு என்றால் கடிதத்திலேயே சரி செய்யலாம். மூன்றாவது என்றால், பூட்டுக்கும் தோட்டாக் கூட்டுக்கும் தனியாக ஒரு கடிதம் தயார் செய்து அதில் அவர் கையெழுத்தை முதலில் வாங்கு. சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் அவர் வீட்டுக்குப் போவதாகச் சொல்லியிருக்கிறான்.